கசுபா மரியாதையாகப் பேசிய காலை

கசுபா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சொன்னதை யாராவது நம்பி நான் பார்த்ததும் இல்லை. சிறையில் அவளோடு ஒரே கொட்டடியில் படுத்து எழுந்தவள் நான். காய்ச்சக் கூடாததைக் காய்ச்சி விற்றதற்காக என்னை உள்ளே வைத்திருந்தார்கள். அதை மறைக்க ஒன்றுமில்லை, சரக்கு நல்ல சரக்கு.

முறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜாம்பியாவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் யாராவது இதைப் படிக்கலாம் என்று, நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பெண் சொல்கிறாள். பெம்பா ஜனங்களுக்கும் ங்கோனி ஜனங்களுக்கும் கேலி முறை. பாட்டன் பூட்டன் காலத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். வெட்டி அலுத்த பிறகு, இனி ஈட்டி வேண்டாம், வாய் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பெம்பாக்காரி ங்கோனிக்காரியைக் கண்டால் 'எலி தின்னி' என்பாள். ங்கோனிக்காரி அவளைக் 'குரங்கு தின்னி' என்பாள். கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். சாவு வீட்டில்கூட இது நிற்காது. ங்கோனி ஒருவன் செத்தால் பெம்பாக்காரர்கள் போய்க் குழிக்குள் படுத்துக்கொண்டு, "எனக்குத் தர வேண்டிய ஆட்டைத் தராம இவன் எங்க போறான்?" என்று கத்துவார்கள். அப்படிக் கத்த ஒருவரும் வராத பிணம்தான் அநாதைப் பிணம்.

நான் லாம்பா. எங்கள் ஜனத்துக்கு இந்த இரண்டு பேரோடும் அந்த முறை கிடையாது. வேடிக்கை பார்க்கிற முறை மட்டும் உண்டு.

கசுபா வடக்கே பெம்பா நாட்டில் பிறந்தவள். செம்புச் சுரங்கம் இருக்கிற எங்கள் பக்கத்துக்கு வந்து, சந்தையில், சமைத்துத் தின்கிற காய்ந்த புழு விற்றாள். புழு வாங்க வருகிறவன் கிண்ணம் நிறையப் புழுவும் காது நிறைய வசவும் வாங்கிக்கொண்டு போவான். மறுநாளும் அவளிடமே வருவான். கட்டிக்கொண்டது ஒரு ங்கோனிக்காரனை. ஏன் என்று கேட்டால், "வீட்ல எலி தொல்லை, அதான்" என்பாள்.

அந்த மனிதன் சுரங்கத்துக்குள் வேலை செய்தான். வெளியே வந்தபோது இருமலோடு வந்தான். முதலில் தூசி என்றார்கள், பிறகு சூனியம் என்றார்கள், கடைசியில் டிபி என்றார்கள். கடைசியில் சொன்னதுதான் சரி, ஆனால் அப்போது மருந்து சாப்பிட ஆள் மிச்சமில்லை. கசுபா அந்த இருமலின் பக்கத்திலேயே படுத்திருந்தவள். எந்த இருமல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

புருஷனைப் புதைத்த மண் காய்வதற்குள் அவன் தம்பி, கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போக ஏணியோடு வந்தான். அண்ணன் சொத்து தனக்கு என்றான்.

கசுபா உலக்கையோடு வாசலில் நின்று, "தகரத்துல கை வெச்சா மண்டைய உடைச்சிடுவேன்டா, எலிக்குஞ்சு" என்றாள்.

அவனும் ங்கோனிக்காரன்தானே. முறைப்படி சிரித்தான். "முதல்ல உன் வாலை எடுத்து உள்ள வை, குரங்கே" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தான். கசுபா மறுபடியும் சொன்னாள். அவன் மறுபடியும் சிரித்தான். தகரத்தில் கை வைத்தான். அவள் அடித்தாள்.

அவன் சாகவில்லை. இப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிறான், அவ்வளவுதான். கோர்ட்டில் நீதிபதி, "ஏன் அடித்தாய்?" என்று கேட்டதற்குக் கசுபா, "சொல்லிட்டுத்தான்யா அடிச்சேன். அவன்தான் நம்பல" என்றாள். கோர்ட்டே சிரித்தது. சிரித்துவிட்டு நான்கு வருடம் போட்டார்கள்.

அப்படித்தான் அவள் எங்கள் கொட்டடிக்கு வந்தாள். வந்ததும் சுற்றிப் பார்த்து, "இங்க ங்கோனிக்காரி யாரும் இல்லையா? இருந்தா சொல்லுங்க, என் கருவாட்டை ஒளிச்சு வெக்கணும்" என்றாள்.

ஒருத்தி இருந்தாள். எஸ்நாத் ஜெரே. சிறு வயசுக்காரி, மெல்லிசானவள். ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தபோது எதையோ திருடிவிட்டாள் என்று வீட்டுக்காரி சொன்னதால் வந்தவள். திருடினாளா என்று நான் கேட்டதில்லை. உள்ளே அதைக் கேட்பது அநாகரிகம். வரும்போது வயிற்றில் பிள்ளை இருந்தது, உள்ளேயே பெற்றாள். பெண் குழந்தை, தெம்வா என்று பெயர். நான்கு வயதுவரை பிள்ளைகள் தாயோடு இருக்கலாம் என்பது சட்டம். எஸ்நாத்துக்கு வெளியே யாரும் கிடையாது. உலகத்தில் அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் குழந்தை ஒன்றுதான், அது அவள் முதுகிலேயே இருந்தது.

கசுபா வாய் திறந்ததும் எஸ்நாத் தலை நிமிர்ந்தாள். "ஐயோ, மரத்துல இருந்ததை எல்லாம் புடிச்சு உள்ள போட ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றாள். அதுவரை அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கொட்டடித் தலைவி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டாள். இடம் நெருக்கம். நாங்கள் ஒருக்களித்து வரிசையாகப் படுப்போம், ஒருத்தி புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். கசுபாவின் வாய்க்குப் பக்கத்தில் படுக்க வேறு யாரும் தயாராக இல்லை. அவளும் எஸ்நாத்தும் முதுகும் வயிறுமாகப் படுப்பார்கள், நடுவில் தெம்வா.

அதன் பிறகு எங்களுக்கு ரேடியோ தேவைப்படவில்லை. காலையில் கணக்கெடுக்கக் குந்தியிருக்கும்போது ஆரம்பிக்கும், சாயங்காலம் பூட்டும்வரை போகும்.

ஒரு நாள் கசுபா தன் கம்பளியை வெயிலில் போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "புள்ள படுக்கைய நனைக்கல, தாய் நனைக்கிறா! ராத்திரி பூரா என் கம்பளி ஈரம்!"

எல்லோரும் சிரித்தோம். எஸ்நாத்தும் சிரித்தாள். "அது உன் ஜொள்ளுடி. கனவுல வாழைப்பழம் பார்த்திருப்ப" என்றாள்.

இன்னொரு நாள் சாப்பாட்டு நேரம். எஸ்நாத் தன் களியில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். கசுபா தட்டைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்கடி, மகாராணிக்குச் சோளக்களி எறங்கல. எலி வறுத்துக் குடுங்க, எறங்கும்."

"உன் மூஞ்சியப் பார்த்துட்டு யாருக்குடி எறங்கும்?" என்றாள் எஸ்நாத்.

பிறகு இடுப்புத் துணி நிற்காமல் வழுக்கியது. "ங்கோனி நாட்டுல எலி தீர்ந்துபோச்சு, பாவம் காய்ஞ்சுபோறா" என்று கசுபா சொன்னாள். சிரித்தோம்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். ராத்திரி வேர்வை, பசி இல்லை, உடம்பு கரைகிறது. எல்லாவற்றையும் கசுபா எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஒரு ஆஸ்பத்திரியில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இருமலைப் பற்றி மட்டும் அவள் கேலி செய்யவில்லை. எஸ்நாத் பகலில் இருமமாட்டாள். அடக்கி வைத்துக்கொண்டு, ராத்திரி கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு இருமுவாள். எனக்குக் காது மந்தம், நான் படுத்தது மறுகோடியில். கேட்டது பக்கத்தில் படுத்தவளுக்கு மட்டும்தான்.

பிறகு கசுபாவே என்னிடம் சொன்னாள், அவர்கள் இரண்டு பேரும் கம்பளிக்குள் பேசிக்கொண்டதை.

"இது என் புருஷன் இருமல்டி. எனக்குத் தெரியும். போய் மேடம்கிட்ட சொல்லு."

"சொன்னா புள்ளைய எடுத்துக்குவாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. டிபி வந்தவ புள்ளைய அநாதை இல்லத்துல விட்டுட்டாங்களாம். அவ வெளிய போய்ப் பார்த்தப்போ, அது வேற எவளையோ அம்மான்னு கூப்பிட்டுச்சாம்."

"இங்கயே இப்படி இருமிக்கிட்டே கெடந்தா புள்ளைக்கும் வரும். அப்புறம் அது யாரையும் அம்மான்னு கூப்பிடாது."

"நான் வாயத் துணியால மூடிக்கிறேன்ல? நீ மூடிக்கிட்டு படு, குரங்கே."

அந்த அநாதை இல்லத்துக் கதையை நானும் கேட்டிருந்தேன். அந்தப் பெண் யார், எந்தச் சிறை, எந்த வருடம் என்று ஒருத்திக்கும் தெரியாது. கதை மட்டும் தெரியும்.

கிளினிக்காரர் வந்தபோது எங்களை வரிசையாக நிற்க வைத்து, "யாருக்காவது இருமல் உண்டா?" என்று கேட்டார். ஒருத்திக்கும் இல்லை. அவர் போனதும் வரிசையே இருமியது. எஸ்நாத் மட்டும் இருமவில்லை.

கசுபா மேடத்திடம் போனாள். மேடம் நாமுகோலோ என்று ஒரு காவல் அதிகாரி, லோசி ஜனம், குரலை உயர்த்தாமலே நம்மைக் குந்த வைக்கிறவள். நான் அப்போது அவள் அறைக்கு வெளியே பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததால் இது எனக்குக் கேட்டது.

"மேடம், ஜெரேவுக்கு டிபி."

"யாருக்கு?"

"எஸ்நாத் ஜெரேவுக்கு, மேடம். ராத்திரி எல்லாம் இருமுறா. பக்கத்துல புள்ள இருக்கு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். "போன வாரம் அவளுக்கு வால் இருக்குன்னு வந்து சொன்ன."

"வால் விஷயம் வேற, மேடம்."

"அதுக்கு முந்தின வாரம், அடுப்படியில எலி காணாமப் போச்சு, ஜெரேவ சோதனை போடுங்கன்னு சொன்ன."

"அதுவும் வேற, மேடம். இது நிஜம்."

மேடம் எஸ்நாத்தைக் கூப்பிட்டாள். அவள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"உனக்கு இருமல் இருக்கா?"

"இல்லீங்க மேடம். இவளுக்குத்தான் பேன் இருக்கு. குரங்குகள் ஒண்ணுக்கொண்ணு எடுத்துவிடுமாம், இங்க எடுத்துவிட ஆள் இல்லாம வந்து என் உசுர வாங்குறா."

மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீ பெம்பா, அவ ங்கோனி. எனக்குத் தெரியாதா? போ, போய்ப் பாத்திரம் தேய்" என்று அனுப்பிவிட்டாள்.

கசுபா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயறில் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தாள். "பாட்டி, நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டாள்.

"எதை? வாலையா?" என்றேன்.

அவள் கல்லைத் தூரப் போட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தலைவிகூட, "என்னடி, ரேடியோவுல பாட்டரி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை. கதவு திறந்து, முற்றத்தில் கணக்கெடுக்கக் குந்தியிருக்கிறோம். கசுபா எழுந்தாள். துணியை இழுத்துக் கட்டினாள். எஸ்நாத்துக்கு எதிரே போய், மண்ணில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள். மாமியாருக்கும் பாதிரியாருக்கும் செய்கிற மரியாதை அது.

"வணக்கங்க, ஜெரேம்மா. நல்லாத் தூங்கினீங்களா? உடம்பு எப்படிங்க இருக்கு? குழந்தை சௌக்கியங்களா?"

முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. மாமரத்தில் உட்கார்ந்திருந்த காக்காய்கூடக் கத்தவில்லை. கத்தியிருக்கும், எங்களுக்குக் கேட்கவில்லை.

எஸ்நாத் குந்தியபடியே பின்னால் நகர்ந்தாள். "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா. பெரியவங்களப் பார்த்தா வணக்கம் சொல்லணுமில்லீங்களா."

"எலி தின்னின்னு சொல்லுடி."

"அப்படியெல்லாம் சொல்லலாங்களாம்மா? மரியாதை இல்லீங்களே."

வரிசையில் ஒரு பெம்பாக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் ஏற்கெனவே சொன்னேன், சாவு வீட்டிலேயே நிறுத்தாத முறை இது. பிணத்தையே கேலி செய்கிறவர்கள். அந்தக் கேலியை ஒருத்தி உயிரோடு இருக்கிறவளிடம் நிறுத்துகிறாள் என்றால், சாவைவிடப் பெரியது ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கணக்கெடுத்துக்கொண்டிருந்த மேடம் நாமுகோலோ பாதியில் நிறுத்தினாள். வேகமாக வந்தாள். அவள் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யாரு செத்தது?"

கசுபா மண்டியிட்டபடியே சொன்னாள்: "இன்னும் யாரும் சாகலீங்க மேடம்."

மேடம் எஸ்நாத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் எஸ்நாத்தைப் பார்த்தோம். தினமும் பார்த்த ஆள்தான். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் போல இருந்தது. அதை நாங்கள் பார்த்ததே இல்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

எஸ்நாத் அழ ஆரம்பித்தாள். "திட்டுடி என்னை. எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணாத. கால்ல விழறேன், திட்டுடி" என்று அழுதாள். அழுகை பாதியில் இருமலாக மாறியது. அடக்கி வைத்த அத்தனை ராத்திரி இருமலும் பகல் வெளிச்சத்தில் வெளியே வந்தது. தெம்வா முதுகில் குலுங்கியது.

அன்றைக்கே கிளினிக்காரர் வந்தார். இந்தத் தடவை இருமல் உண்டா என்று கேட்கவில்லை. எங்கள் கொட்டடியில் எல்லோருக்கும் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று கொடுத்தார். "நாளைக்குக் காலையில, வாய் கொப்புளிச்சிட்டு, நெஞ்சு ஆழத்துல இருந்து இருமித் துப்பணும். எச்சில் வேண்டாம், சளி வேணும்" என்றார். எச்சில் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெண்கள் எச்சில்தான் துப்புவார்கள் என்று அவருக்கு அனுபவம் போல. ஜனங்கள் பார்க்கக் காறித் துப்புவது பெண்பிள்ளைக்கு அழகில்லை என்றுதானே வளர்க்கிறார்கள்.

மறுநாள் முற்றத்தில் சுவரோரம் நின்று இருமினோம். எஸ்நாத் மட்டும் டப்பாவில் எச்சிலைத் துப்பி மூடினாள். வேண்டுமென்றேதான். கசுபா பார்த்துவிட்டாள்.

"திறங்க, ஜெரேம்மா."

"போடி."

"அதுல ஒண்ணும் இல்லீங்களே, ஜெரேம்மா."

"என் புள்ளைய எடுத்துட்டுப் போனா நீ திருப்பிக் குடுப்பியாடி?" என்று எஸ்நாத் கத்தினாள்.

மேடம் அங்கேதான் நின்றாள். "புள்ளைய யாரு எடுக்கறாங்க?" என்று கேட்டாள்.

"டிபி வந்தா எடுத்துருவாங்கன்னு..."

"யாரு சொன்னது?"

எஸ்நாத் எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"அப்படி ஒரு சட்டம் நான் கேள்விப்பட்டதில்ல. நீ தனி அறையில இருக்கற வரைக்கும் இங்கயே யாராவது பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்றாள் மேடம்.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பெற்ற பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் குண்டி கழுவியவள், இன்னும் ஒன்று.

எஸ்நாத் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். டப்பாவைக் கழுவினால் ஆகாது என்று கிளினிக்காரர் வேறொன்று கொடுத்தார். இப்போது வேண்டுமென்று இருமினால் சளி வரவில்லை. பயத்தில் நெஞ்சு இறுகிப்போயிருந்தது. இருமி இருமிப் பார்த்தாள், வெறும் காற்று.

கசுபா தன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் குந்தினாள். "ஜெரே" என்றாள். 'அம்மா' இல்லை. எங்களுக்குக் காது விடைத்தது.

"என்ன?"

"எலி வளைக்குள்ள புகை போடுவீங்களே, உங்க ஊர்ல. புகை போட்டா எலி வெளிய வரும்ல?"

"வரும்."

"உன் நெஞ்சுக்குள்ள எலி இருக்கு. உங்க அப்பன் பாட்டன் தின்ன அத்தனை எலியும் அங்கதான் குடித்தனம் பண்ணுது. வெளிய வரச் சொல்லு, என் புருஷனோட சொந்தக்காரங்க யாராவது இருந்தா அடையாளம் சொல்றேன்."

எஸ்நாத்துக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அது மூக்கு வழியாக வந்தது. சிரிப்பு குலுங்கி, குலுக்கல் இருமலாகி, இருமல் அடி ஆழத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தது. துப்பினாள். கிளினிக்காரர் வெளிச்சத்தில் டப்பாவைப் பிடித்துப் பார்த்து, "இதுதான்" என்றார். தன் பேச்சுக்குத் தானே சிரித்த கசுபாவுக்கும் இருமல் வந்துவிட்டது. அவளும் தன் டப்பாவில் துப்பினாள்.

பரிசோதித்துவிட்டு வந்து சொன்னார்கள். எஸ்நாத்துக்கு டிபி. கசுபாவுக்கும் டிபி. மற்றவர்களுக்கு இல்லை. மற்ற நோய்க்கும் ரத்தம் எடுத்தார்கள். யாருக்கு என்ன என்று எழுதுகிற பெண் கேட்கிறாள். சொல்லமாட்டேன். அது அவரவர் ரத்தம்.

கசுபா செய்தியைக் கேட்டு, "பார்த்தீங்களா, மரியாதை குடுத்தா இதுதான் கெடைக்கும்" என்றாள்.

தனி அறை என்று ஒன்று அங்கே கிடையாது. சோள மூட்டை அடுக்கியிருந்த பழைய கிட்டங்கி ஒன்றைக் காலி செய்து, ஜன்னலைப் பெரிதாகத் திறந்துவைத்து, இரண்டு பேரையும் அதில் போட்டார்கள். மூட்டை போனாலும் எலிகள் போகவில்லை. உள்ளே கால் வைத்த உடனே கசுபாவின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது: "ஜெரே! கவர்மெண்டு உனக்கு ஸ்பெஷல் சாப்பாடு குடுத்திருக்குடி! ஓடுது பாரு, சூடா!"

அவர்கள் தினமும் கிளினிக்காரர் பார்க்க மாத்திரை விழுங்கினார்கள். மாத்திரையால் மூத்திரம் சிவந்துபோகும். கசுபா அதைப் பெருமையாக ஜன்னலில் நின்று அறிவித்தாள். தனக்கு ராஜ வம்ச ரத்தம் என்றும், எஸ்நாத்துக்கு வெறும் செம்மண் என்றும் சொன்னாள். குழந்தைக்கு நோய் இல்லை, ஆனால் வராமல் இருக்க அதற்கும் தினமும் மருந்து. நான் அதைக் களியில் பொடித்து ஊட்டினேன். முதலில் என் முகத்திலேயே துப்பியது. நானும் விடுகிற ஆள் இல்லை.

தினமும் தெம்வாவை மாமரத்தடிக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பேன். அங்கிருந்து கிட்டங்கி ஜன்னல் தெரியும். பக்கத்தில் போகக் கூடாது. அந்தப் பக்கம் வாய்மூடித் துணி கட்டிய முகங்கள் இரண்டு, கம்பிக்குப் பின்னால் இருட்டில். முதல் நாட்களில் குழந்தை ஜன்னலைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தும். அங்கே எஸ்நாத்தும் அழுவாள். இது ஆகாது என்று கசுபாதான் மாற்றினாள். குழந்தை வந்து உட்கார்ந்ததும் அவள் எஸ்நாத்தைத் திட்ட ஆரம்பிப்பாள், எஸ்நாத் பதிலுக்குத் திட்ட வேண்டும், விடாமல். குழந்தை அழ மறந்து கேட்கும். வசவு ஏற ஏற அதற்குச் சிரிப்பு வரும். பிள்ளைக்கு முன்னால் இப்படிப் பேசலாமா என்று சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வருகிற அம்மா ஒருத்தி கேட்டாள். "உங்க தாலாட்டு உங்களுக்கு, எங்க தாலாட்டு எங்களுக்கு" என்றேன்.

மழைக்காலம் வந்து போனது. எஸ்நாத்தின் சளி சுத்தம் என்று முதலில் வந்தது. கசுபாவுடையது இன்னும் இல்லை. எஸ்நாத் வெளியே வரலாம், கசுபா தனியாக இருக்கவேண்டும்.

எஸ்நாத் வாய்த்துணியை அவிழ்த்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். சதை போட்டிருந்தாள், தலை மழித்திருந்தாள். மரத்தடியில் நான் தெம்வாவோடு நின்றேன். அவள் எதிரே வந்து முழங்காலிட்டு, கையை நீட்டினாள். பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

குழந்தை அவளைப் பார்த்தது. என் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"வாடி கண்ணு, அம்மாடி" என்று நான் முன்னால் தள்ளினேன். அது என் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எஸ்நாத்தின் கைகள் அப்படியே நின்றன. அநாதை இல்லத்துக் கதை எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

கிட்டங்கியிலிருந்து சத்தம் வந்தது.

"ஏய் எலி தின்னி! உன் நாத்தம் பெத்த புள்ளைக்கே புடிக்கலடி! போய்க் குளிச்சிட்டு வா!"

எஸ்நாத் திரும்பவில்லை. அழுதுகொண்டே இருந்தாள்.

"உன்னத்தான்டி! நாக்க எலி கடிச்சிருச்சா?"

எஸ்நாத்துக்குக் கோபமா, பழக்கமா தெரியவில்லை. தலையைத் திருப்பி, இருந்த குரலை எல்லாம் சேர்த்துக் கத்தினாள்: "போடி குரங்கு தின்னி! மரத்துல போய்த் தொங்குடி!"

தெம்வா என் துணியை விட்டது. ஜன்னலைப் பார்த்தது. எதிரே இருந்தவளின் வாயைப் பார்த்தது. மறுபடி ஜன்னலைப் பார்த்தது. தினமும் அந்த இருட்டிலிருந்து வந்த குரல் இந்த வாயிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நடந்துபோய் எஸ்நாத்தின் மடியில் உட்கார்ந்தது. உட்கார்ந்துகொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டி, "குங்கு தின்னி!" என்றது.

கம்பிக்குப் பின்னாலிருந்து கசுபா, "நல்ல வளர்ப்பு, பாட்டி" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. மாத்திரையாலாக இருக்கும்.

அதன் பிறகு எஸ்நாத் தினமும் குழந்தையோடு மரத்தடிக்குப் போனாள். இப்போது தனியாகக் கிடப்பது கசுபா அல்லவா. களி தின்ன மறந்தாலும் திட்டப் போக மறக்கமாட்டாள். கசுபாவின் சளியும் சுத்தமானது, கழிவு போகத் தண்டனையும் முடிந்தது. அவள் வெளியே போகும்போது, எஸ்நாத் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று என்ன சொன்னாள் என்பதை எழுதவேண்டாம் என்று எழுதுகிற பெண் கெஞ்சுகிறாள். சரி, விட்டுவிட்டேன்.

இப்போது எல்லோரும் வெளியேதான் இருக்கிறோம். கசுபா பழைய சந்தையில், பழைய இடத்தில் புழு விற்கிறாள். எஸ்நாத் பக்கத்து வரிசையில் தக்காளி வைத்திருக்கிறாள். அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முதலில் புழுக்கடைக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டுதான் தாயிடம் வருவாள். சந்தையில் ங்கோனிக்காரர்கள் நிறைய. கசுபா அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறவரை அவர்களுக்குக் கவலை இல்லை. திடீரென்று ஒருவனைப் பார்த்து, "வணக்கங்கய்யா, உடம்பு எப்படிங்க?" என்றால், அவன் மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போவான்.

போன மாதம் நான் புழு வாங்கப் போனேன். என்னைப் பார்த்ததும் கசுபா எழுந்து வந்து, மண்டியிட்டு, கையைத் தட்டி, "வணக்கங்க பாட்டி, நல்லா இருக்கீங்களா?" என்றாள். நான் லாம்பா. எனக்கும் அவளுக்கும் கேலி முறை கிடையாது. வயசில் மூத்தவள். எனக்கு அவள் வேறெப்படியும் வணக்கம் சொல்ல முடியாது, எப்போதும் அப்படித்தான் சொல்கிறாள்.

இருந்தாலும் புழுவை வாங்கிக்கொண்டு, நேரே கிளினிக்குக்குப் போய், சளி கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள்.